மஞ்சள் வண்டியின் மயக்கம்

"என்னப்பா ராய்ஸ், இந்த வருஷமும் பெட்ரோலைக் குடிச்சுட்டு மயங்கிடுச்சா உன் வண்டி?"

வெண்டல் கேட்டதும், உறைந்த ஏரிக்கரையில் நின்றிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

ராய்ஸின் மஞ்சள் பனிவண்டி அசையவில்லை. அவர் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுக்க இழுக்க, அது பெட்ரோல் வாடையோடு ஏப்பம் விட்டது.

"டிரெய்லர்ல ஏத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடணும்னு எத்தனை தடவை சொல்றது? வழியெல்லாம் கசிஞ்சு கார்புரேட்டர் ரொம்பி வழிஞ்சிருக்கும்."

"மறந்து போச்சு தலைவரே."

"பொண்டாட்டி பேரை மறக்கலாம், டேப்பை மறக்கலாமா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

வெண்டல், பழைய பனிவண்டிச் சங்கத்தின் தலைவர். மூன்று குளிர்காலமாக இதே கூத்தைப் பார்த்துச் சலித்தவர்.

"இதான் கடைசி. தீவுக்குப் போற ஊர்வலத்துல இன்னிக்கும் நீ வரலேன்னா, அடுத்த வருஷம் உன் பேரு கிடையாது. சங்கத்துக்குன்னு ஒரு மானம் இருக்கு."

"சரிங்க" என்று ராய்ஸ் மறுபடி இழுத்தார். மறுபடியும் ஏப்பம்.

அடுத்து போட்டி. இரவெல்லாம் குளிரில் கிடந்த வண்டியை ஒரே இழுப்பில் கிளப்பினால் கோப்பை. வெண்டல் தன் நீல வண்டிமேல் போர்த்தியிருந்த கம்பளிப் போர்வையை நீக்கினார். பழசுக்குத் தரும் மரியாதை என்பார் அதை. போர்வைக்கு அடியில், ஒளித்து வைத்திருந்த வெந்நீர்ப் பையின் இளஞ்சூடு இருந்தது. அது அவருக்கும் போர்வைக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

ஒரே இழுப்பு. கைதட்டல்.

"ஒழுங்கா வெச்சுக்கிட்டா இரும்பும் சொன்ன பேச்சைக் கேக்கும்" என்றார் வெண்டல், ராய்ஸைப் பார்த்து.

ராய்ஸை விட்டுவிட்டு ஊர்வலம் தீவுக்குக் கிளம்பும்போது, கரையோரம் நின்ற டிரக்கைப் பார்த்து எல்லோரும் கையசைத்தார்கள். உள்ளே ஐனோ. இந்த ஏரியில் ஓடும் பழைய வண்டிகளில் பாதி அவர் கைபட்டுப் பிழைத்தவை. வாதம் வந்து வலது கை விழுந்தபின், மனைவி இர்மா அவரைக் கூட்டிவந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைத்து வேடிக்கை காட்டுவார். கிட்டே போய் என்ன பேசுவது என்று எல்லோருக்கும் கூச்சம். கையசைப்பது சுலபம்.

தீவில் நெருப்பு மூட்டி, கறியும் கிழங்கும் அடைத்த பேஸ்டிகளைச் சுடவைத்தபோதுதான் வெண்டலுக்கு உறைத்தது. தலைவர் என்ற முறையில் தனக்குத் தானே வழங்கவேண்டிய கோப்பையைக் கரையிலேயே விட்டு வந்திருந்தார். திரும்பி விரைந்தார்.

கரையில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணு அவிஞ்சு போச்சா? பிளக் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, அதையே திரும்ப மாட்டறியே! தொடை! நல்லாத் தொடை!"

ஐனோதான். மஞ்சள் வண்டிக்குப் பக்கத்தில், மீன்வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாக்கு குழறியது. ஆனால் நிற்கவில்லை.

"டேப்பை மூடு. பிளக்கை வெளிய வெச்சே இழு, உள்ள இருக்கறதைக் கக்கட்டும். சோக்கைத் தொட்டே, கையை ஒடிப்பேன்!"

"சரிண்ணே."

"சரிண்ணேவாம்! மூணு வருஷமாச் சொல்றேன், மண்டையில ஏறலையே!"

சற்றுத் தள்ளி, காபி ஆறுவது தெரியாமல் இர்மா நின்றிருந்தார்.

"வீட்டுல ‘ம்’ங்கறதோட சரி, வெண்டல். பேச்சுப் பயிற்சிக்கு வர்ற பொண்ணு படம் காட்டிக் காட்டி அலுத்துப் போயிட்டா. இங்க பாரு, வசவு எப்படி வருதுன்னு."

பிளக்கை மாட்டி ராய்ஸ் இழுத்தார். புகையைத் துப்பிக்கொண்டு வண்டி உறுமியது. ஐனோ இடது கையால் தொடையில் அறைந்து சிரித்தார். சிரித்தபடியே இர்மாவின் தோளைப் பிடித்து டிரக்குக்கு நடந்தார்.

கோப்பையைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வெண்டல் வந்தார்.

"ஊர்வலம் முடிஞ்சாச்சு. இனி இது ஓடி என்ன? பேரை எடுக்கவேண்டியதுதான்."

சொல்லிக்கொண்டே குனிந்தவர் நிமிரவில்லை. பெட்ரோல் டேப் புத்தம் புதிதாக மின்னியது.

"இதை எப்ப மாத்தினே?"

"அது ஆச்சு, ரெண்டு வருஷம். கார்புரேட்டர்ல ஊசியும் புதுசு. சொட்டுக்கூடக் கசியாது."

"அப்புறம் எப்படி?"

ராய்ஸ் டிரக்கை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"முத வருஷம் நிஜமாவே கெட்டுச்சு. எனக்கு ஒண்ணும் புரியலை. பார்த்துக்கிட்டே இருந்தவர், பொறுக்கமாட்டாம தானே எறங்கி வந்துட்டார். சும்மா வாங்கண்ணேன்னா வரமாட்டார், பரிதாபப்படறோம்னு நினைச்சுப்பார். அதனாலதான், நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னால சோக்கை முழுக்க இழுத்து வெச்சு, கை வலிக்கிற மட்டும் கயித்தை இழுத்து எஞ்சினை நானே பெட்ரோல்ல மூழ்கடிச்சுடறேன். பொய்யா நடிச்சா அவர் மூக்கு கண்டுபிடிச்சுடும்."

வெண்டல் போர்வைச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பேரை எடுத்துட்டீங்கன்னா, அடுத்த வருஷம் எதைச் சொல்லி அவரை எறக்கறது? இருக்கட்டுமே தலைவரே. நம்மளோடயே இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ராய்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு, வெண்டலின் கக்கத்தில் இருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க போர்வையைப் பத்தி நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?"