அரக்கு நூல் கட்டிய கதவுகள்

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வார்த்தை முன்னே பின்னே போனால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று பிடித்துக்கொள்வார்கள். அதனால் பார்த்ததையும் காதில் விழுந்ததையும் மட்டும் சொல்கிறேன்.

போன வருஷம் கோட்டையில் ஆட்சி மாறியது. இந்த வருஷம் எங்கள் நெசவாளர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். எங்கள் தெரு அணியிலேயே இரண்டு பேருக்கு ஆசை. பரமசிவம் முதலாளி ஒருவர், குமாரசாமி ஒருவர். யாரை நிறுத்துவது என்று முதலில் எங்கள் தெரு உறுப்பினர்களே பெட்டி வைத்து ஓட்டுப் போடுவதாக முடிவாயிற்று. என் வீட்டுக்காரர் காலமான பிறகு அவர் இடத்தில் நான்தான் உறுப்பினர்.

சங்கத்தில் வேலை இல்லாத மாதங்களில் எங்கள் தறிகளுக்கு நெய்யப் பாவு நூல் கொடுப்பது பரமசிவம் முதலாளிதான். அது வந்தால்தான் அடுப்பு எரியும்.

வெள்ளிக்கிழமை ஆனால் அவருடைய ஆள் அப்பாதுரை வாசலில் வந்து நிற்பார்.

"ஓட்டு நம்ம முதலாளிக்குத்தானேமா?"

"வேற யாருக்குப்பா?"

உடனே கதவு வளையத்தில் ஓர் அரக்குப் பட்டு நூலைக் கட்டிவிட்டுப் போவார். மாலையில் கோயிலுக்குப் போகும் முதலாளி, நூல் கட்டிய கதவுகளை எண்ணிக்கொண்டே நடப்பார். முதல் வாரம் பாதித் தெரு. பக்கத்து வீட்டில் நூல் தெரியும்போது நம் வீட்டில் இல்லாமல் இருக்கலாமா? மூன்றாம் வாரம், ஒரு கதவைத் தவிர எல்லாக் கதவிலும் அரக்கு.

"டெல்லியில எவனோ ஆபீசு போட்டுக்கினு, ஊருக்கு நாலு பேரைக் கேட்டு, நாட்டை யார் ஆளப்போறாங்கன்னு பேப்பர்ல போடறானாம்" என்றார் அப்பாதுரை. "நாம ஒரு வீடு விடாம கேக்கறோம். வாரா வாரம் கேக்கறோம். இது தப்புமா?"

"எப்படிப்பா தப்பும்?" என்றேன்.

குமாரசாமி யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று தெருவே சிரித்தது.

நூல் இல்லாத அந்த ஒரு கதவு, என் பக்கத்து வீட்டுத் தையல்நாயகியுடையது. அவளும் என்னைப் போல உறுப்பினர்.

"ஓட்டு என்ன பொண்ணா அண்ணே, வாரா வாரம் வந்து பார்த்துட்டுப் போறதுக்கு? பெட்டியில போட்டுக்கறேன், போங்க" என்று அப்பாதுரையை அனுப்பிவிட்டாள்.

அவளுக்கு அடுத்த பாவு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றுபோனது.

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு இழை நூலுடி. கட்டிக்கினா கதவு கழண்டுக்குமா?" என்றேன்.

"நீங்க கட்டிக்கினு இருக்கீங்களே அக்கா, அவருக்குத்தான் போடப்போறீங்களா?"

"மெதுவாப் பேசுடி" என்று உள்ளே வந்துவிட்டேன்.

ஓட்டுப் போடும் நாளில் முதலாளி நாதஸ்வரத்துக்குச் சொல்லியிருந்தார். ஆளுயர மாலை தயாராக இருந்தது. பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். அவருக்கு இரண்டே ஓட்டு. அதில் ஒன்று அவரே போட்டது. மீதி எல்லாம் குமாரசாமிக்கு.

முதலாளி மேல் யாருக்கும் பெரிய விரோதம் இல்லை. வாரா வாரம் கேட்டாரே, அதற்குத்தான்.

"யாருக்குங்க வாசிக்கறது?" என்று நாதஸ்வரக்காரர் அப்பாதுரையையே கேட்டார்.

மறுநாள் காலையில் முதலாளி தெருவில் இறங்கி வாசல் வாசலாக நின்றார்.

"அந்த இன்னொரு ஓட்டு யாருது?"

"என்னுதுதாங்க" என்றார் முதல் வீட்டுக்காரர்.

"கோயில் இருக்கிற திசையில சத்தியமா என்னுதுங்க" என்றார் அடுத்த வீட்டுக்காரர்.

என் வாசலுக்கு வந்தபோது நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "இந்தக் கையாலதாங்க போட்டேன்."

இருந்த ஒரு ஓட்டைத் தெரு மொத்தமும் போட்டிருந்தோம்.

தையல்நாயகியை அவர் கேட்கவே இல்லை. நூல் இல்லாத கதவைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார்.

சாயங்காலம் குமாரசாமி நன்றி சொல்ல வந்தார். அதற்குள் எந்தக் கதவிலும் அரக்கு நூலைக் காணோம். "உங்களுக்குத்தான்னு அப்பவே முடிவு பண்ணிட்டோம்" என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். அது ஒன்றுதான் அந்த மாதத்தில் எங்கள் தெரு பேசிய உண்மை.

தையல்நாயகி வாசலில் அவர் கைகூப்பியபோது நான் என் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"எனக்கு நன்றி சொல்லாதீங்க. தராததுக்கு வாங்கிக்கக் கூடாது. நான் அவருக்குத்தான் போட்டேன்" என்றாள்.

"உன் தறியை நிறுத்தினவருக்கா?"

"என்கிட்ட நடந்துக்கினது வேற. பெங்களூர் பட்டு வியாபாரிங்ககிட்ட நின்னு விலை பேச அவராலதான் ஆவும். சங்கத்துக்கு அது வேணுங்க."

குமாரசாமி அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்.

அவள் தறி இன்னும் ஓடவில்லை. அந்த ஓட்டு தையல்நாயகியுடையது என்று முதலாளியிடம் ஒருவர் போய்ச் சொன்னால் போதும், நாளைக்கே பாவு வந்துவிடும். யார் போவது? "அப்போ நீ போட்டது?" என்று கேட்பாரே.

நேற்று குமாரசாமியின் ஆள் வந்தான். யாரையும் ஒன்றும் கேட்காத மனுஷன், சங்கத்தின் பெரிய தேர்தல் வருகிறது என்று இப்போது கேட்டு அனுப்பியிருக்கிறார். அவன் கையில் மஞ்சள் நூல்.

"ஓட்டு நம்மவருக்குத்தானேமா?"

"வேற யாருக்குப்பா?" என்று நானே வாங்கிக் கதவில் கட்டினேன்.

அரக்கு நூலை எறியவில்லை. அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருக்கிறது.