கறுப்புக் கோட்டில் வெள்ளை

தையல்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தைத்துக்கொண்டிருந்த கறுப்புக் கோட்டின் மேல் அவர் தலையிலிருந்து வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. அதுகூடப் பரவாயில்லை. எதிரே பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவியும் நேற்றிலிருந்து தலையைச் சொறிகிறாள்!

கோட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு டாக்டரிடம் ஓடினார்.

"முடி கொட்டுறதுக்கு நீங்க கொடுத்த மருந்தை, அவளுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சுத்தான் தடவுறேன் டாக்டர். என் தலை காய்ஞ்சு உதிருது. இப்போ அவளுக்கும் தொத்திக்கிச்சு!"

"இது என்ன ஒட்டுவாரொட்டியா? அந்த மருந்து சிலருக்குத் தலையை வறட்டும். தினமும் ஷாம்பு போட்டுத் தேய்க்காதீங்க. ஆமா, சொன்ன அளவுதானே தடவுறீங்க?"

"ஒரு சொட்டுகூடத் தாண்டலை. ஆனா ஒரு மாசத்துக்கு வரும்னு சொன்ன பாட்டில் பதினஞ்சே நாள்ல..."

பாதியில் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சிரித்துவிட்டார்.

"பெண்களுக்கு அளவு வேறங்க. அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

திரும்பி வந்தவர், மனைவியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"நாளைக்கு டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் வரச் சொன்னாரு."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கணுமாங்க?"