ஞானதாசன் சொன்ன சாட்சி

“கஞ்சா இழுத்தா கட்டில்ல நாமதான் ராஜான்னு நெனச்சேன்.”

அன்பியக் கூட்டத்தில், ஜெபம் முடிந்த கையோடு, ஞானதாசன் எழுந்து இப்படிச் சாட்சி சொல்லத் தொடங்குவார் என்று யார் கண்டது? கடியப்பட்டணத்தில் தெருவுக்கு ஓர் அன்பியம், பங்குக் குடும்பங்கள் கூடும் ஜெபக்குழு, உண்டு. அன்றைக்குத் தம்பதிகள் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. நல்லவேளை.

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஞானதாசனின் மனைவி செசிலி மட்டும் நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

“நான் கொச்சியில மீன்பிடி போட்டுக்குப் போன காலம். மொதல்ல நல்லாத்தான் இருந்துது, பொய் சொல்லப்பிடாது. நேரம் நீளும், தொட்டதெல்லாம் இனிக்கும். பொறவு அது இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு ஆச்சு. கடைசில அது இருந்தும் நடக்கல்ல.”

பின்வரிசை ஆண்கள் சிரித்தார்கள்.

‘இந்த வயசில வெட்கம் இல்லியா இந்த ஆளுக்கு’ என்று பிரிஜா முகம் சுளித்தாள். அவளுக்குச் சிரிப்பு எப்படி வரும்? கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான். புருஷன் சிஜோ கொஞ்ச மாதமாகச் சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறான். வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவுகட்டி, விடிந்ததும் அம்மா வீட்டுக்குக் கிளம்பப் பெட்டி கட்டி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஞானதாசன் நிறுத்தவில்லை. “எனக்க வீட்டுக்காரி பக்கத்துல கெடப்பா, நான் சுவரைப் பாத்துக் கெடப்பேன். அவளைப் பிடிக்காம இல்ல. தோத்துப்போவேனோன்னு பயம். அதைச் சொல்ல நாக்கு எழும்பல்ல. எனக்கு வேற ஒருத்தி உண்டுன்னு அவ நெனச்சா.”

பிரிஜா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“செசிலி மாமி, உள்ளதா?” என்றாள் பக்கத்து வீட்டு ரெனிஷா, கேலியாக.

செசிலி எழுந்தாள். “உள்ளதுதான். பெட்டி கூட கட்டினேன்.”

“பொறவு?” கேட்டது பிரிஜா.

“வாய் தொறந்து சொன்னாரு. ரெண்டுபேருமா டாக்டரைப் பாத்தோம். விட்டாரு. கொஞ்ச நாள் பிடிச்சுது மக்ளே, ஆனா எல்லாம் திரும்பி வந்துது.” செசிலி வெட்கத்தோடு உட்கார்ந்துகொண்டாள்.

பிரிஜா சிஜோவைப் பார்த்தாள். அவன் தலை தொங்கியிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டாள்.

“நீங்களும் இழுக்கியளா?”

தலையாட்டினான்.

“வேற யாரும்…?”

“சத்தியமா இல்ல பிரிஜா. எப்படிச் சொல்லுவேன்னு தெரியல்ல.”

“ஏன், வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்திருமா?” திட்டிக்கொண்டே அழுதாள். வீட்டுக்குள் போனதும் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்தாள். டாக்டரிடம் என்றைக்குப் போகலாம் என்று அவனே கேட்டான்.

காலையில் கடற்கரையில் மீன் ஏலம். “கஞ்சாக்காரன் பெண்டாட்டி வாறா, வழி விடுங்க” என்று நாலு பெண்கள் சிரிக்க, செசிலி காதில் விழாததுபோல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிஜாவால் தாங்க முடியவில்லை. அவளைத் தனியே கூப்பிட்டாள்.

“மாமி, அந்தக் காலத்துல நீங்க எவ்வளவு சங்கடப்பட்டிருப்பீங்க. மாமா இப்பிடிப்பட்டவருன்னு நெனக்கவே இல்ல.”

செசிலி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“யாருகிட்டயும் சொல்லிராத மக்ளே. அந்த மனுசனுக்குப் பீடிப் புகை பட்டாலே குமட்டும். யாரோ ஒருத்தன் கடல்ல வச்சு அவருகிட்ட அழுதிருக்கான். அவன் பேரு வெளிய வராம அவன் பெண்டாட்டி காதுல விழணுமின்னு, தன் கதையாச் சொன்னாரு. யாருன்னு கேட்டேன். எனக்கிட்டயே சொல்லல்ல.”

ஞானதாசனின் வள்ளத்தில்தான் சிஜோவுக்கு வேலை.

“அப்போ நீங்க பெட்டி கட்டினேன்னு சொன்னது?”

“முப்பது வருசத்துல அந்த மனுசன் சொன்ன மொதப் பொய்” என்றாள் செசிலி. “ஒத்தைக்கு நிக்க விடலாமா?”