தூக்கத்தில் சொன்னது

"பெயிண்ட் காய இவ்வளவு நாளான்னு கேட்டிருக்கீங்களே மாப்பிள்ளை! நாங்க என்ன வீடு வாசல் இல்லாதவங்களா?"

மாடிப்படியில் நின்று அக்கா போட்ட சத்தத்தில், லாண்டரிக்குத் துணி கொண்டுவந்தவர்கள் வந்த வேலையை மறந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஐயோ அக்கா! நான் எப்ப கேட்டேன்?" என்றார் லாண்டரிக்காரர்.

"நேத்து ராத்திரி. தூக்கத்துல!"

லாண்டரிக்காரர் தலை சட்டைக் காலருக்குள் இறங்கியது. விழித்திருக்கும்போது அவர் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொடுக்கும்போதே கிழிந்திருந்த சட்டையைக் காட்டி, "நீதான்யா கிழிச்சே" என்று சண்டைக்கு வருகிறவர்களிடம்கூட, "அப்படித்தாங்க இருக்கும்" என்பார்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், வாசனை தாங்கலை, ஒரு வாரம் இருந்துட்டுப் போறோம் என்றுதான் மனைவியின் அக்காவும் சகலையும் வந்தார்கள். மாடியில் இருந்த ஒரே படுக்கையறை அவர்களுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் கீழே, கடைக்குப் பின்னால், அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில். அந்தப் பெயிண்ட் இதற்குள் உரிந்தே போயிருக்கும் என்று தெருவில் பேச்சு. லாண்டரிக்காரர் மட்டும் சிரித்த முகத்தோடு சகலையின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

ராத்திரியில்தான் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். 'சகலை சாப்பிட உட்கார்ந்தா நாற்காலிக்கே பயமா இருக்கு' என்றாராம். 'டிவி பார்த்து அக்கா களைக்கலை, அக்காவைப் பார்த்துப் பார்த்து டிவிதான் களைச்சுப் போச்சு' என்றாராம். விடிந்ததும் மாடிக்குத் தெரியும். பல் தேய்ப்பதற்குள் தெருவுக்குத் தெரியும்.

மனைவிதான் பாவம். "வெளியில தலைகாட்ட முடியலை. நல்ல வேளை, என்னைப் பத்தி மட்டும் தப்பா எதுவும் சொல்றதில்லை" என்று கேட்டவர்களிடமெல்லாம் புலம்பினாள். கேட்காதவர்களிடமும்தான்.

அக்காவும் சகலையும் கோபித்துக்கொண்டு போகிறவர்கள் இல்லை, கோபித்துக்கொண்டே இருக்கிறவர்கள். மடிப்புக் கலையாத சட்டையோடு சகலை இறங்கி வந்தார்.

"தூங்கும்போது மூளை லீவு போட்டுரும் சகலை. அப்பவும் வாய் பேசுதுன்னா, பேசறது யாரு? அதுதான் நிஜமான நீங்க. பகல்ல நாங்க பார்க்கறது இஸ்திரி போட்ட துணி, அவ்வளவுதான்."

தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தபடி கேட்டார்: "எனக்கே தெரியாம எனக்குள்ள அப்படி ஒருத்தன் இருக்கானா?"

அதற்குப் பிறகு அவர் நிமிரவே இல்லை. "நேத்து ராத்திரி என்ன புரோகிராம்?" என்று கிண்டல் செய்கிறவர்களுக்கு அவர் உச்சந்தலைதான் தெரிந்தது. கடைசியில் தூக்க ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்தார்.

"வேண்டாங்க! தலையெல்லாம் ஒயர் ஒட்டுவாங்களாம். இருக்கற மூளையும் கெட்டுப்போயிடும்" என்று மனைவி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்ன பாசம் என்று தெரு உருகியது.

"அக்கா முகத்துல முழிக்க முடியலை. வீட்டுக்கு வந்தவங்களை இப்படிப் பேசறவனைக் கண்டுபிடிச்சு வெளியே துரத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, முடியில் காய்ந்த பசையோடு வந்தார். போகும்போது குனிந்த தலை இன்னும் கொஞ்சம் குனிந்திருந்தது. கடையில் அக்காவும் சகலையும் காத்திருந்தார்கள். ஒற்றைக் கைக்குட்டையை இஸ்திரிக்குக் கொண்டுவந்தவர்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள்.

"என்னவாம்?" என்றார் சகலை.

"முத்திப் போச்சாம். மூளையில தூங்கற நரம்பும் முழிக்கிற நரம்பும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிச்சாம். இனிமே பகல்லயே வரலாமாம். நாலு பேர் முன்னாடியே வரலாமாம்." எச்சில் விழுங்கினார். "இப்பக்கூட ஏதோ தொண்டை வரைக்கும் வருது."

சகலை ஒரு அடி பின்வாங்கினார். அக்காவுக்குத் திடீரென்று பெயிண்ட் காய்ந்துபோன ஞாபகம் வந்தது. சாயங்காலம் வேன் வந்தது. பிறகு பெயிண்ட் அடித்த அந்த வீட்டையும் விற்றுவிட்டு வேறு ஊருக்கே குடிபோய்விட்டார்கள் என்பது பின்னால் வந்த செய்தி.

அன்று வேன் தெருமுனை திரும்பியதும் கடைக்குள் நடந்தது, கைக்குட்டையைத் திரும்ப வாங்கப் போன இடத்தில் தானாகக் காதில் விழுந்தது.

"ஏங்க, நரம்பு பின்னிக்கிச்சுன்னு நிஜமாவே டாக்டர் சொன்னாரா?" மனைவியின் குரல் அமுங்கியிருந்தது.

"இல்லை. ஒயர் ஒட்டி, பக்கத்துல மைக் வெச்சு, விடிய விடியப் பார்த்தாங்க. நான் வாயையே திறக்கலையாம். இவ்வளவு அமைதியாத் தூங்கற ஆளைப் பார்த்ததே இல்லைன்னாங்க."

மடித்துக்கொண்டிருந்த தலையணை உறையில் மனைவி முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவகிட்ட நேராச் சொல்ல எனக்கு வாய் வரலைங்க. அதான் உங்க வாயை எடுத்துக்கிட்டேன். ஒரு தப்பும் பண்ணாத மனுஷனைப் பார்த்துத் தெருவே சிரிக்க வெச்சுட்டேன்."

"தப்புப் பண்ணாதவனா?" லாண்டரிக்காரருக்குக் காது நுனிவரை சிவந்துவிட்டது. "நாற்காலி, டிவி, பெயிண்ட்... எல்லாமே சகலை சட்டையைத் தேய்க்கும்போது நான் மனசுக்குள்ள சொன்னதுதான். ஒரு வார்த்தை மாறலை. அத்தனை ஒயருக்கும் சிக்காதது உனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"