ஒலிபெருக்கிப் படம்

வலைப்பூ மென்பொருளைப் புதுப்பித்ததிலிருந்து கோமதிநாயகத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுத்துருவை மாற்றினார். பின்னணியை நீலமாக்கினார், பிடிக்காமல் மறுபடி வெள்ளையாக்கினார். ஓரத்தில் புதிதாக ஓர் ஒலிபெருக்கிப் படம் முளைத்திருந்தது. அதை அழுத்தினார். மனைவிக்குத் தெரியாமல் புனைபெயரில் அவர் எழுதிய பழைய பதிவை ஒரு பெண்குரல் உரக்க வாசிக்கத் தொடங்கியது.

"என் மனைவியிடம் பேசுவதற்கு எனக்கு எதுவுமே மிச்சமில்லை..."

பதறிப்போய் நிறுத்தும் பொத்தானைத் தேடினார், அகப்படவில்லை. சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. மனைவி செண்பகம் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மடிக்கணினியை மூடப்போனவரின் மணிக்கட்டை ஈரக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. அவ சொல்லி முடிக்கட்டும்."

அடுத்த வரி என்னவென்று அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது.