பாதி மடித்த துணி

போனில் அம்மாவின் குரல் கொதித்தது.

“பாதித் துணியை மடிச்சுட்டு உட்கார்ந்தாச்சாம்! வலிக்குதான்னா இல்லையாம். வலி வர்றதுக்கு முன்னாடியே ஓய்வெடுக்கணுமாம்.”

“யாரு சொன்னாங்களாம்?” என்றாள் மகள்.

“மனநல ஆலோசகர். ஃபைப்ரோமயால்ஜியாவாம். உடம்பு முழுக்க வலிக்குமாம், ஸ்கேன்ல தெரியாதாம். வலியோட வாழ மனசைப் பழக்கணுமாம்.”

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“உடம்பு வலிக்கு மனசு டாக்டரா? வேலைக்கள்ளிக்குப் பிள்ளை சாக்கும்பாங்க, அண்ணிக்கு வலி சாக்கு. எல்லாம் நடிப்பு! நறுக்குன்னு நாலு வார்த்தை கேளும்மா.”

அம்மாவின் குரல் தணிந்தது.

“உங்கப்பாவும் நடிப்புன்னுதான்டி சொன்னார். இவ்வளவு நேரம் நான் சொன்னது, காலையில அவர் என்னைப் பேசின பேச்சு. உன்கிட்டயாவது சொல்லி ஆறலாம்னு பார்த்தேன்.”

“அப்ப... உட்கார்ந்தது அண்ணி இல்லையா?”

“நான். என் வலியை நம்பி, ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போனதே உன் அண்ணிதான். மீதித் துணியையும் அவதான் மடிச்சுக்கிட்டிருக்கா.”

மகள் பதறிப்போனாள். “ஐயோ, அம்மா! ரொம்ப வலிக்குதாம்மா?”

“நறுக்குன்னு கேட்கச் சொன்னியே, கேட்கறேன். அண்ணிக்குன்னா நடிப்பு, அம்மாவுக்குன்னா வலியாடி?”