கணவாய்க்காரியின் தாலாட்டு

அவள் வாயைத் திறந்ததுமே ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் காதிலிருந்து பிடுங்கினார்.

பாட வேண்டியது தாலாட்டு. அவளோ எதிர்மலையில் நிற்பவரைக் கூப்பிடுவது போலப் பாடினாள்.

மலைக்கணவாய் வழியாகக் காரில் போனபோது, துணி உலர்த்திக்கொண்டே அவள் பாடியதைக் கேட்டு இசையமைப்பாளர்தான் வரச் சொல்லியிருந்தார். இப்படியொரு குரலைக் கேட்டதே இல்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்தவர், இப்போது ஒலிப்பதிவுக்கூடக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

மெல்லப் பாடச் சொன்னார்கள். சுருதி இறங்கியது.

மைக்கைத் தள்ளி வைத்தார்கள். தாலாட்டு, பக்கத்துத் தெருச் சண்டை போலக் கேட்டது.

எங்கள் ஊரில் அருகில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும், பாதிப் பேச்சைக் காற்று கொண்டுபோய்விடும் என்றாள் அவள். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதுகூடக் கத்தித்தான் சொன்னாளாம்.

ஒலிப்பதிவாளர் சிரித்துவிட்டார். இசையமைப்பாளர் சிரிக்கவில்லை. வழக்கமாகப் பாடும் பெண்ணையே கூப்பிட்டுவிடலாமா என்று உதவியாளர் அவர் காதைக் கடித்தார்.

கண்ணாடி வழியே அதைப் பார்த்தவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒலிப்பதிவாளருக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய், பேய்க்காற்று அடிக்கும்போது என்னதான் செய்வீர்கள், அப்போதும் கத்தித்தான் பாடுவீர்களா என்று கேட்டார்.

அப்போது கத்தியும் பிரயோஜனமில்லை, போர்வைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு காதோரமாகப் பாடுவேன் என்றாள்.

அவர் பியானோ மேல் கிடந்த கனத்த துணியை உருவி வந்தார். அவளையும் மைக்கையும் சேர்த்து மூடினார். விளக்கை அணைத்தார்.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அதே குரல்தான். மலையைத் தாண்டும் பலம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அத்தனையும் ஒரே ஒரு காதுக்காக இறங்கி வந்திருந்தது.

பாட்டு முடிந்தது. இசையமைப்பாளர் எழுந்து போய் அவரே துணியை விலக்கினார். வியர்த்து வழிந்துகொண்டிருந்தவளிடம், குழந்தைக்கு இப்போது என்ன வயது என்று கேட்டார்.

"குழந்தை எங்கங்க? என் மாமியாருக்குப் பாடுறதுங்க இது. பகலெல்லாம் என்னைத் திட்டித் தீர்ப்பாங்க. காத்து கிளம்பிட்டா பயந்துபோய் என் போர்வைக்குள்ள வந்து படுத்துக்குவாங்க."

காபி வரும், இருந்து குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

பொழுது சாய்ந்தால் மேலே காற்று கிளம்பிவிடுமாம். "வீட்ல அவங்க தனியா இருக்காங்க" என்றாள்.